இல்லாத டிஸ்க்குக்காகக் காத்திருந்த கொம்பியூட்டர்



இது கொஞ்சம் நீளமான பதிவு. கொம்பியூட்டர் விசயம்தான், ஆனால் கொம்பியூட்டர் தெரியாதவர்களும் வாசிக்கலாம். எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் கணினி அறைக்குப் பொறுப்பாக இருக்கிற ஆசிரியர்கள் கட்டாயம் வாசியுங்கள். நான் செய்த ஒரு பிழையை நீங்கள் செய்யாமல் இருக்கலாம்.

நான் படிப்பிக்கிற பாடசாலை பசறைக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் இருக்கிறது. வகுப்பறை ஜன்னலைத் திறந்தால் நமுனுகுலை மலை தெரியும், பனி இல்லாத நாட்களில். கல்விக் கல்லூரியில் எனக்குப் பயிற்சி கணிதத்தில். கணினி அறை என் தலையில் விழுந்தது 2021 இல், அதை உருவாக்கிய கணித சேர் மௌத்தான பிறகு. ஆகஸ்ட் மாதக் கடைசியில் கொரோனா அவரைக் கொண்டு போனது. பெயர் எழுத விரும்பவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். தோட்டத்தில் பிறந்து, லயனில் வளர்ந்து, அதே தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இருபது வருடத்துக்கு மேல் கணிதம் சொல்லிக் கொடுத்த மனிதர். என்னைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்.

அறையில் பன்னிரண்டு பழைய மெசின்கள். யாரோ ஒரு அலுவலகம் புதிது வாங்கியபோது தந்தவை. அவற்றில் விண்டோஸ் ஓடினால் பிள்ளைகள் கொட்டாவி விட்டுத் தூங்கி விடுவார்கள். அதனால் சேர் எல்லாவற்றிலும் லினக்ஸ் போட்டார். பதின்மூன்றாவதாக ஒரு மெசின் மூலையில் இருக்கிறது. அதுதான் சேவர். பிள்ளைகள் எந்த மெசினில் உட்கார்ந்தாலும் அவர்களுடைய வேலை அந்தச் சேவரில் இருந்துதான் வரும். அது எழும்பாவிட்டால் மற்றப் பன்னிரண்டும் சும்மா.

2019 இல் சேர் அந்தச் சேவருக்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்டு, இரண்டையும் ஒரே சேமிப்பாகக் கட்டினார். இதற்கு இசட்.எப்.எஸ். என்று ஒரு முறை இருக்கிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜெஃப் பொன்விக், மத்யூ அஹ்ரென்ஸ் போன்றவர்கள் உருவாக்கி 2005 இல் வெளியே விட்டது. அதை லினக்ஸுக்குக் கொண்டு வந்த வேலை அமெரிக்காவின் லோரன்ஸ் லிவர்மோர் ஆய்வுகூடத்தில் நடந்தது. உரிமப் பிரச்சினையால் லினக்ஸின் உள்ளேயே சேர்க்க முடியவில்லை, பக்கத்தில் ஒட்டிக்கொண்டுதான் ஓடுகிறது. 2016 இல் உபுண்டு அதைத் தன்னோடு சேர்த்தே தரத் தொடங்கியது. பெரிய பெரிய இடங்களில் ஓடுகிற ஒன்றை சேர் எங்கள் தகரக் கூரைக்குக் கீழே கொண்டு வந்து வைத்தார்.

இதில் டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டுவதை 'பூல்' என்பார்கள். குளம் மாதிரி. எந்த டிஸ்க்கில் எந்தக் கோப்பு என்று நாம் யோசிக்கத் தேவையில்லை. எல்லாம் ஒரே குளம். சேர் கட்டியது கண்ணாடி முறை. ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தால் மற்றது இருக்கும். அந்தப் பூலுக்கு அவர் வைத்த பெயர் 'களஞ்சியம்'.

இனி என் கதை.

2022 மார்ச் மாத முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, மறந்திருக்க மாட்டீர்கள். போவதும் வருவதுமாக இருந்த அந்தக் காலத்தில் எங்கள் யூ.பி.எஸ். பெட்டரி செத்தது. அதன் பின்னால் ஒரு டிஸ்க் செத்தது. சேர் கட்டி வைத்த முறையால் ஒரு கோப்பும் போகவில்லை. ஸ்கிரீனில் 'டிகிரேடட்' என்று ஒரு வார்த்தை மட்டும் வந்தது. ஒரு கால் போய்விட்டது, நிற்கிறேன் என்று அர்த்தம். புது டிஸ்க் வாங்க அந்த நேரத்தில் யாரிடம் காசு? ஒற்றைக் காலிலேயே இரண்டு வருடம் ஓடியது.

2024 இன் தொடக்கத்தில் மற்ற டிஸ்க்கும் டிக் டிக் என்று சத்தம் போடத் தொடங்கியது. நலன்விரும்பி ஒருவர் புது எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கித் தந்தார். அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்யட்டும். நான் களஞ்சியத்தில் கண்ணுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அதற்கு கொப்பி பண்ணினேன். பிறகு சேவரை நிறுத்தினேன், பழைய டிஸ்க் இரண்டையும் கழற்றினேன், ஒரு பழைய துவாயில் சுற்றி அலுமாரியில் வைத்தேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அங்கேதான் இரண்டு பிழை விட்டேன். ஒன்று உடனே தெரிந்தது. மற்றது தெரிய எட்டு மாதம் எடுத்தது.

முதலாவது பிழை. அடுத்த நாள் சேவரைப் போட்டால் அது எழும்பவில்லை. கறுப்புத் திரையில் அவசர நிலை என்று சொல்லி பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டு நின்றது. வகுப்பில் தரம் 10 பிள்ளைகள் முப்பத்தொரு பேர். "என்னா சேர், செத்துருச்சா?" என்று ஒருவன் கேட்டான்.

விசயம் இதுதான். லினக்ஸ் எழும்பும்போது எதையெல்லாம் எங்கே கொண்டு வந்து பொருத்த வேண்டும் என்று 'எப்ஸ்டாப்' என்ற ஒரு சிறிய கோப்பில் எழுதி இருக்கும். வரவு இடாப்பு மாதிரி. அதில் களஞ்சியத்தின் ஒரு போல்டரைப் பற்றி ஒரு வரி இருந்தது. இடாப்பில் பெயர் இருக்கிறது, ஆளைக் காணவில்லை, அதனால் நான் பாடத்தைத் தொடங்க மாட்டேன் என்று மெசின் நின்று விட்டது. ஒருவகையில் நியாயம்தான். நான் என்ன செய்தேன்? அந்த வரியில் 'நோஃபெயில்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தேன். வராவிட்டாலும் பரவாயில்லை, தொடங்கு என்று அர்த்தம். சேவர் எழும்பியது. பாடம் நடந்தது. ஒட்டுப் போட்டு விட்டு நான் மறந்து விட்டேன்.

ஆனால் எழும்புவதற்கு நான்கு நிமிடம் எடுத்தது. முதலில் அரை நிமிடம் ஒன்றுமே இல்லாமல் நிற்கும். பிறகு ஸ்கிரீனில் ஒரு சிவப்பு நட்சத்திரம் இடமும் வலமும் ஓடும். பக்கத்தில் ஒரு டிஸ்க்கின் நீளமான இலக்கம், அதற்குப் பக்கத்தில் நேரம் எண்ணும். ஒரு நிமிடம் முப்பது செக்கன் வரை எண்ணி விட்டுத்தான் கைவிடும். அதற்குப் பிறகும் விடாது. களஞ்சியத்தை இணைக்க முடியவில்லை என்று சிவப்பில் ஒரு வரி வரும். பழைய மெசினின் மற்ற ஆரவாரங்களும் சேர்ந்து நான்கு நிமிடம்.

நான்கு நிமிடம் என்ன பெரிய விசயம் என்று நானும் நினைத்தேன். காலையில் ஒரு தரம் என்றால் பரவாயில்லை. ஒக்டோபர் வந்தால் எங்கள் பக்கம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பின்நேரம் ஒரு மணி தாண்டினால் இடி. இடி என்றால் கரண்ட் போகும். வரும், மறுபடி போகும். அப்போது ஒரு பாடவேளை நாற்பது நிமிடம். அதில் மூன்று தரம் கரண்ட் போனால் பன்னிரண்டு நிமிடம் பிள்ளைகள் ஓடுகிற நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். மேல் டிவிஷனில் இருந்து நடந்து வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வீட்டில் கொம்பியூட்டர் இல்லை. கிழமைக்கு இரண்டு பாடவேளை, ஒரு மெசினுக்கு இரண்டு மூன்று பேர். தன் முறை வரும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்ற தரம் 11 பிள்ளை ஒன்று, மணி அடித்ததும் ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனது. அன்றைக்குத்தான் எனக்குச் சுட்டது.

என்னுடைய பழைய மாணவன் ஒருவன் கொழும்பில் இந்த வேலைதான் செய்கிறான். ஸ்கிரீனைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். களஞ்சியம் என்று ஒரு பூலே இல்லை, அதை அழித்து விட்டு வேறு பிரதியில் இருந்து மறுபடி உருவாக்குங்கள் என்ற கருத்தில் மெசினே ஒரு வசனம் காட்டிக்கொண்டிருந்தது. அவனும் அதையே சொன்னான். "சேர், அதுதான் டேட்டா எல்லாம் எடுத்துட்டீங்களே. பழைய டிஸ்க்கை மாட்டி டிஸ்ட்ரோய் பண்ணிருங்க. இல்லாட்டி லேபலைக் கிளியர் பண்ணிருங்க. பிரச்சினை முடிஞ்சுது." அதே கிழமை பிரதி அதிபரும் கேட்டார், அலுமாரியில் சும்மா கிடக்கிற டிஸ்க்கில் வேலை செய்கிற ஒன்றை சி.சி.டி.வி.க்குக் கொடுக்க முடியுமா என்று. திங்கட்கிழமை ஆள் வருகிறார் என்றார். சரி என்று சொல்லி விட்டேன். இரண்டு வேலையும் ஒன்றாக முடியட்டும், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்று சாவியை வாங்கினேன்.

சனிக்கிழமை இரவு இஷா தொழுது விட்டு வந்து இசட்.எப்.எஸ். கையேட்டை உட்கார்ந்து வாசித்தேன். வாசித்த பிறகுதான் என் மரமண்டைக்குப் புரிந்தது, 'டிஸ்ட்ரோய்' வேறு, 'எக்ஸ்போர்ட்' வேறு. டிஸ்ட்ரோய் என்றால் இந்தப் பூல் இனி வேண்டாம் என்று டிஸ்க்கிலேயே எழுதி வைப்பது. லேபலை அழித்தால் அந்த டிஸ்க் ஒரு பூலுக்குச் சொந்தமாக இருந்தது என்ற அடையாளமே போய்விடும். எக்ஸ்போர்ட் என்றால் இந்த மெசினுக்கு மட்டும், 'இந்தப் பூல் உன்னிடம் இருந்து விடை பெறுகிறது, தேடாதே' என்று சொல்வது. டிஸ்க்கில் உள்ளது உள்ளபடியே இருக்கும். நாளைக்கு வேறு மெசினில் மாட்டினாலும் திறக்கும். டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன் நான் செய்திருக்க வேண்டியது எக்ஸ்போர்ட். நான் சொல்லாமல் கொள்ளாமல் பிடுங்கினேன்.

மெசின் தேடிக்கொண்டிருந்ததற்குக் காரணமும் அங்கேதான். எந்தெந்தப் பூல்கள் என்னிடம் இருந்தன என்று அது ஒரு சிறிய கோப்பில் குறித்து வைக்கிறது. 'இசட்பூல் கேஷ்' என்பது அதன் பெயர். எழும்பும்போது அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் ஒவ்வொன்றாகக் கூப்பிடுகிறது. குறிப்பில் களஞ்சியம் இருக்கிறது. டிஸ்க் அலுமாரியில் துவாய்க்குள் இருக்கிறது.

இங்கே என்னுடைய இரண்டாவது பிழையைச் சொல்ல வேண்டும். கொப்பி பண்ணிய நாளில் என் குறிப்புப் புத்தகத்தில் இரண்டு எண்கள் எழுதி இருந்தேன். பூலில் நிரம்பி இருந்தது 212 ஜிகாபைட். நான் கொப்பி பண்ணியது 171. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன், என் கையெழுத்துதான். அன்றைக்கு நான் நினைத்தது, இசட்.எப்.எஸ். கணக்கு வேறு மாதிரி இருக்கும் என்று. கணித ஆசிரியன். 41 ஜிகாபைட் வித்தியாசத்துக்கு ஒரு கேள்விக்குறி போட்டு விட்டு வீட்டுக்குப் போனவன். பிள்ளை இப்படி விடை எழுதினால் நான் விடுவேனா?

அந்தப் புத்தகத்தை ஞாயிற்றுக்கிழமை காலை பதுளை பஸ் நிலையத்தில் பசறை பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுதான் சும்மா புரட்டினேன். அப்போது எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்து வயிற்றைப் பிசைந்தது.

சேர் போய் மூன்றாவது வருடத் திவசத்துக்கு நானும் போயிருந்தேன். அவருடைய மகள் தேத்தண்ணி கொண்டு வந்து தந்து விட்டுத் தயங்கிக் கேட்டது. "சேர், கொரோனா டைம்ல அப்பா பாடம் ரெக்கோர்ட் பண்ணினாரு. அந்த வொய்ஸ் ஏதாவது ஸ்கூல் கொம்பியூட்டர்ல இருக்குமா?"

2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடினார்கள். ஒன்லைன் வகுப்பு என்றார்கள். எங்கள் லயன்களில் சிக்னல் இல்லை. பதுளை மாவட்டத்திலேயே போஹிட்டியாவ கிராமத்தில் ஆசிரியரும் பிள்ளைகளும் சிக்னலுக்காகக் காட்டு வழியே மலை ஏறிய செய்தி 2021 இல் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. எங்கள் பக்கம் செய்தியாளர் வரவில்லை, கதை அதேதான். சேர் வேறு வழி பார்த்தார். பாடத்தைக் குரலாகவும் கரும்பலகைப் படமாகவும் பதிவு செய்வார். பென் டிரைவிலும் மெமரி கார்டிலும் போட்டு, மோட்டார் சைக்கிளில் டிவிஷன் டிவிஷனாகக் கொண்டு போய்க் கொடுப்பார். போனில் போட்டுக் கேட்டால் போதும். சிக்னலும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம்.

மகள் கேட்ட பிறகு நான் புது டிஸ்க்கில் தேடினேன். வினாத்தாள் இருந்தது, புள்ளிப் பட்டியல் இருந்தது, விளையாட்டுப் போட்டிப் படங்கள் இருந்தன. குரல் ஒன்றும் இல்லை. "இல்லை மகள், அப்பா பென் டிரைவிலதான் வச்சிருந்திருப்பார்" என்று சொன்னேன். "பரவாயில்லை சேர்" என்றது. அதோடு விட்டு விட்டேன்.

பஸ் நிலையத்தில் புத்தகத்தை மூடினேன். 41 ஜிகாபைட்.

பாடசாலையில் அன்று காவலாளியும் நானும் மட்டும். முதலில் யோசிக்க வேண்டி இருந்தது. டிஸ்க்கை மாட்டிச் சேவரைப் போட்டால், அந்தக் கேஷ் குறிப்பைப் பார்த்து மெசின் தானாகவே களஞ்சியத்தைத் திறந்து அதில் எழுதவும் தொடங்கும். டிக் டிக் சத்தம் போட்ட டிஸ்க். இனி எத்தனை தரம் சுற்றுமோ தெரியாது. அதில் ஒரு எழுத்தும் எழுத விடக் கூடாது. அதனால் முதலில் கேஷ் கோப்பை அழிக்காமல், அதன் பெயரை மட்டும் மாற்றி ஓரமாக வைத்தேன். பிறகு நிறுத்தி, செத்த டிஸ்க்கை விட்டு விட்டு மற்றதை மட்டும் மாட்டி, பிஸ்மில்லாஹ் சொல்லி ஸ்விட்சைப் போட்டேன்.

சேவர் ஒரு நிமிடத்துக்குள் எழும்பி விட்டது. நட்சத்திரமும் இல்லை, எண்ணலும் இல்லை. எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. சேர் அந்த டிஸ்க்கின் நுனியில் ஒரு சின்னத் துண்டை 'சுவாப்' என்று ஒதுக்கி இருந்தார். மெமரி போதாதபோது மெசின் பாவிக்கிற இடம். எட்டு மாதமாக ஒன்றரை நிமிடம் காத்திருந்தது களஞ்சியத்துக்காக இல்லை, இந்தத் துண்டுக்காக. டிஸ்க் திரும்பி வந்ததும் மெசின் ஒன்றும் கேட்காமல் தன் வேலையைத் தொடங்கி விட்டது. நான் முதலில் அந்தச் சுவாப்பை நிறுத்தினேன், அங்கேயும் எழுதக் கூடாதே.

டிஸ்க் அமைதியாகச் சுற்றியது. எட்டு மாதம் ஆறிப் போய்க் கிடந்ததாலோ என்னவோ.

எந்தப் பெயரும் கொடுக்காமல் 'இசட்பூல் இம்போர்ட்' என்று மட்டும் அடித்தால் அது ஒன்றையும் திறக்காது, என்ன இருக்கிறது என்று மட்டும் காட்டும். களஞ்சியம் என்று காட்டியது. கண்ணாடியில் ஒரு பக்கம் இல்லை, ஆனாலும் திறக்கலாம் என்றது. 'ரீட்-ஒன்லி' என்று சொல்லி, வாசிக்க மட்டும் திறந்தேன். பிறகு உள்ளே என்னென்ன அறைகள் இருக்கின்றன என்று பட்டியல் கேட்டேன். இசட்.எப்.எஸ். பூலுக்குள் இப்படித் தனித்தனி அறைகள் பிரிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம் போடலாம். நான் கொப்பி பண்ணிய மூன்று அறைகள் வரிசையாக வந்தன.

நான்காவதாக ஒரு வரி. 'குரல்'. 41 ஜிகாபைட்.

அந்த அறைக்கு சேர் ஒரு சட்டம் போட்டிருந்தார். மெசின் எழும்பும்போது தானாகத் திறக்கக் கூடாது, கையால் திறந்தால் மட்டும் திறக்க வேண்டும் என்று. பிள்ளைகள் தெரியாமல் அழித்து விடுவார்கள் என்று பயந்திருப்பார். திறக்காத அறை போல்டராகக் கண்ணில் படாது. கண்ணில் பட்டதைத்தான் நான் கொப்பி பண்ணினேன். பட்டியலைக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த டிஸ்க் சி.சி.டி.வி. பெட்டிக்குள் போயிருக்கும். பாடசாலை கேட்டின் படம் அதன் மேல் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்.

கை நடுங்கியது, சொல்வதில் வெட்கமில்லை. அறையைத் திறந்தேன். 64 பதிவுகள். தரம் 6 பின்னத்தில் தொடங்கி தரம் 11 திரிகோண கணிதம் வரை. ஒவ்வொன்றாக எஸ்.எஸ்.டி.க்குக் கொப்பி பண்ணப் போட்டு விட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். காவலாளி வந்து "என்னாங்க சேர், மெசின் சரியா வரலியா?" என்றார். வருது, வருது என்றேன்.

61 பதிவுகள் முழுசாக வந்தன. மூன்று வரவில்லை. வாசிக்க முடியவில்லை என்று அந்த மூன்றின் பெயரையும் மெசின் சொன்னது. இந்த இடத்தில் சேர் ஏன் இந்த முறையைத் தெரிவு செய்தார் என்று எனக்கு விளங்கியது. இசட்.எப்.எஸ். எழுதுகிற ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணையும் சேர்த்து எழுதி வைக்கும். வாசிக்கும்போது கணக்கு ஒத்து வராவிட்டால், கண்ணாடியின் மறு பக்கத்தில் இருந்து சரியானதை எடுக்கும். மறு பக்கம் இல்லை என்றால், பழுதானதை நல்லது என்று சொல்லி நம் கையில் தராது, தர முடியாது என்று சொல்லி விடும். மற்ற டிஸ்க் உயிரோடு இருந்திருந்தால் அந்த மூன்றும் வந்திருக்கக் கூடும். 2022 இலேயே ஒரு புது டிஸ்க் வாங்க நான் இன்னும் கொஞ்சம் ஓடித் திரிந்திருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கண்ணாடி முறை இருக்கிறது, அதனால் வேறு பிரதி தேவையில்லை என்று நம்பி இருந்தோம். இரண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டிக்குள், ஒரே கரண்டில், ஒரே இடிக்குக் கீழே. பிரதி என்றால் வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

அதன் பிறகுதான் நான் செய்ய வந்த வேலை. களஞ்சியத்தை முறைப்படி எக்ஸ்போர்ட் பண்ணினேன். ஒரு வரிதான். ஓரமாக வைத்த கேஷ் கோப்பு இனித் தேவையில்லை. வேறு பூல் எதுவும் எங்களிடம் இல்லை என்பதால், எழும்பும்போது பூல் தேடுகிற அந்த வேலையையே நிறுத்தி விட்டேன். எப்ஸ்டாப் கோப்பைத் திறந்து, நான் ஒட்டுப் போட்ட வரிக்கும் சுவாப் வரிக்கும் முன்னால் ஒரு ஹேஷ் அடையாளம் போட்டேன். வரி இருக்கும், மெசின் வாசிக்காது. டிஸ்க்கைக் கழற்றி, மறுபடி போட்டேன்.

நட்சத்திரம் போய்விட்டது. ஆனால் தொடக்கத்தில் அந்த அரை நிமிட மௌனம் அப்படியே இருந்தது.

இதற்குத்தான் பின்நேரம் முழுக்கப் போனது. நான் திருத்தினது எல்லாம் மெசின் முழுதாக விழித்த பிறகு வாசிக்கிற கோப்புகள். அதற்கு முன்னாலேயே ஒரு அரைத் தூக்கக் கட்டம் இருக்கிறது. லினக்ஸ் எழும்புவதற்குத் தேவையான சாமான்களை ஒரு சிறிய பொட்டலமாகக் கட்டி வைத்திருக்கும். இனிட்ராம்எப்எஸ் என்பார்கள். முதல் நாள் இரவே கட்டி வைத்த புத்தகப்பை என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் நேரசூசியை மாற்றினாலும் பைக்குள் இருப்பது நேற்றைய புத்தகம்தான். அந்தப் பைக்குள் ஒரு துண்டுக் காகிதம். மெசின் ஆழ்ந்த தூக்கத்தில் இருந்து திரும்பினால் பழைய நிலையை எந்தச் சுவாப்பில் இருந்து எடுப்பது என்று அதில் எழுதி இருக்கும். எங்கள் காகிதத்தில் இருந்தது பழைய டிஸ்க்கின் இலக்கம். அந்தச் சேவர் ஒருநாளும் அப்படித் தூங்கியதே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு காலையும் அந்தக் காகிதத்தைப் பார்த்து, அரை நிமிடம் காத்திருந்து, கைவிட்டு, பிறகுதான் எழும்பி இருக்கிறது. 'ரெஸ்யூம்' என்ற கோப்பில் அந்த இலக்கத்தை எடுத்து விட்டு 'நன்' என்று எழுதி, பையைப் புதிதாகக் கட்டச் சொன்னேன். பழைய கேர்னல்களுக்கும் சேர்த்து. இல்லாவிட்டால் ஒருநாள் பழையதில் எழும்பும்போது அது மறுபடி தேடத் தொடங்கும்.

மறுபடி போட்டேன். 34 செக்கன். மெசினே கணக்குச் சொல்லும், அதற்கு ஒரு கட்டளை இருக்கிறது. மஃரிபுக்கு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

பிரதி அதிபரிடம் திங்கட்கிழமை காலை உண்மையைச் சொன்னேன். டிஸ்க்கைத் தர முடியாது, காரணம் இதுதான் என்று. அவர் சேரோடு பதினைந்து வருடம் ஒன்றாக வேலை செய்தவர். ஒன்றும் பேசவில்லை. சி.சி.டி.வி.க்கு வேறு வழி பார்ப்போம் என்று மட்டும் சொன்னார். பழைய மாணவனுக்கும் போன் எடுத்தேன். "சேர், நான் டிஸ்ட்ரோய் பண்ணச் சொன்னேனே" என்று அவன் திகைத்துப் போனான். அவனைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எல்லாம் எடுத்து விட்டேன் என்று அவனிடம் சொன்னது நான்.

சேரின் வீட்டுக்கு அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து போனேன். மகளிடம் பென் டிரைவைக் கொடுத்து, அன்றைக்கு நான் இல்லை என்று சொன்னது பிழை, சரியாகத் தேடாமல் சொல்லி விட்டேன் என்றேன். மூன்று பாடம் வரவில்லை என்பதையும் சொன்னேன். டீச்சரும் வந்து உட்கார்ந்தார். மகள் லெப்டொப்பில் ஒன்றைப் போட்டது. தரம் 8, சமன்பாடுகள். முதலில் மழைச் சத்தம், தகரத்தில். பிறகு சேரின் குரல், பாடம் இல்லை, யாரிடமோ பேசுகிறார்: "அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துங்க, சத்தம் வருது." டீச்சர் சிரித்து விட்டார். "என்னயத்தான் சொல்றாரு" என்றார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மகளும் நானும் சமன்பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

குடும்பத்தின் சம்மதத்தோடு அந்த 61 பாடங்களும் இப்போது சேவரில் இருக்கின்றன. பிள்ளைகள் கேட்கலாம், அழிக்க முடியாது. இன்னொரு பிரதி என் வீட்டில், இன்னொன்று சேரின் வீட்டில். பழைய டிஸ்க் இரண்டும் அலுமாரியில், அதே துவாயில். இந்த முறை மேலே ஒரு காகிதம் ஒட்டி இருக்கிறேன்: என்ன டிஸ்க், எந்தப் பூல், எந்தத் திகதியில் எக்ஸ்போர்ட் பண்ணியது, எந்த மூன்று பதிவுகள் இன்னும் உள்ளே இருக்கின்றன. செத்த டிஸ்க்கை எப்போதாவது திறந்து பார்க்கக் கூடியவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். செலவு என்னவென்று பார்ப்போம்.

பதுளை, பசறை, லுணுகலை, பண்டாரவளை பக்கம் கணினி அறைக்குப் பொறுப்பான ஆசிரியர்கள், உங்கள் மெசினும் இப்படி இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டு நின்றால் எனக்கு மெசேஜ் போடுங்கள். டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன் போடுங்கள். கழற்றி விட்டீர்கள் என்றால் யாருக்கும் கொடுக்காமல் வைத்து விட்டுப் போடுங்கள். சனி, ஞாயிறு என்றால் இன்ஷா அல்லாஹ் நேரில் வரவும் முடியும், பஸ் ஓடுகிற இடமாக இருந்தால்.

நேற்று இரண்டாவது பாடவேளையில் இடி இடித்துக் கரண்ட் போய் வந்தது. நான் இடாப்பில் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பதினெட்டாவது பெயருக்கு வரும்போது பின் வரிசையில் இருந்து ஒரு குரல், "சேர், வந்துருச்சு."